மணல் கொட்டகையில் பத்து நாள் படத் திருவிழா

போன மாதம் எங்கள் தெருக் கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் படவிழா வைத்தார்கள். தியேட்டரில் ஓடாத படங்கள், யாரோ கைக்காசைப் போட்டு எடுத்துவிட்டு வெளியிட வழியில்லாமல் வைத்திருந்த படங்கள், இப்படித் தேடிப் பிடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். சாமான் என்று பார்த்தால் ஒரு டி.வி., ஒரு கேசட் பெட்டி. பழைய ஆபரேட்டர் என்று எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். பாதிப் படத்தில், விழா நடத்துகிற பாங்க் குமாஸ்தா ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஒரு பெண்ணின் முகம் அப்படியே நின்றது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்று, "ஏலே, எரிஞ்சிரும், எடுத்து விடு" என்று சத்தம் போட்டுவிட்டேன். மண்டபமே சிரித்தது.

குமாஸ்தா ஓடிவந்து, "என்ன அண்ணாச்சி, என்னது எரியும்?" என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தால் அன்றைக்குப் படம் ஓடாது. எழுதித் தருகிறேன், விழா மலரில் போட்டுக்கொள்ளும் என்றேன். நாற்பது வருஷத்துக்கு முந்தின சங்கதி. நான் எழுதினபடியே போட வேண்டும், ஒரு வரியும் திருத்தக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன்.

நான் தூத்துக்குடிக்கு வந்தது அப்பாவின் கருப்பட்டிக் கடையில் உட்கார. உட்கார்ந்தது ஐந்து மாதம். அதற்குள் உப்பளத்துக்குப் போகிற பாதையில் இருந்த டூரிங் கொட்டகைக்கு எண்ணெய் எஞ்சின் துடைக்கப் போய்விட்டேன். அப்பா இரண்டு வருஷம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எஞ்சினிலிருந்து மெஷினுக்கு, மெஷினிலிருந்து லைசென்ஸுக்கு, எல்லாம் யுத்த காலத்துக்குள் முடிந்தது. கொட்டகைக்குப் போர்டில் நீளமாக ஒரு பெயர் எழுதியிருந்தது. அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மணல் கொட்டகை என்றால்தான் ஊருக்குத் தெரியும். முன்னால் தரை டிக்கெட்டுக்கு மணல், அதன் பின்னால் பெஞ்சு, கடைசியில் நாற்காலி. ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் இடுப்புயரத் தட்டி.

என் சீனியர் ஆபரேட்டர் ராசையா அண்ணாச்சி. ஊமைப்பட காலத்து ஆள். காக்கி அரைக்கால் சட்டை, மேலே வெள்ளைச் சட்டை, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. படப்பெட்டி வந்ததும் முதல் காரியமாகப் புளி போட்டுக் கையைக் கழுவுவார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு ரீலைச் சுற்றுவார். பிலிம் ஓரம் முழுக்க அவர் விரல்களுக்கு நடுவில் ஓடும். ஓட்டை கிழிந்த இடமோ, பழைய ஒட்டு விட்டுப்போன இடமோ வந்தால் கை தானாக நிற்கும். அந்த இடத்தை வெட்டி, சுரண்டி, பசை தடவி ஒட்டுவார். அந்தப் பசை வாழைப்பழம் மாதிரி மணக்கும். ஒரு முழுப் படத்தை இப்படித் தடவி முடிக்க ஒரு பகல் ஆகிவிடும். இன்றைக்கும் பழக்கடையைக் கடந்து போகும்போது எனக்கு அவர் ஞாபகம் வந்துவிடும்.

அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. தப்புச் செய்தால் நம் கையில் இருப்பதை வாங்கிக்கொண்டு அவரே அந்த வேலையைச் செய்வார். அதற்கு நாலு அறை வாங்கிக்கொண்டு போகலாம். ஒரே ஒரு விதியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். "ஏலே செல்லத்துரை, படம் பாக்கது டிக்கெட் எடுத்தவன் சோலி. ஒஞ்சோலி கேட்டப் பாக்கது."

கேட் என்றால் விளக்குக்கு முன்னால் பிலிம் கடந்து போகிற சின்னச் சதுர வாசல். விளக்கு என்றால் பல்பு இல்லை. இரண்டு கரிக்குச்சிகளுக்கு நடுவில் பற்றி எரிகிற மின்சாரம். அந்தக் காலத்துப் பிலிமோ வெடிமருந்துக்குச் சித்தப்பா மகன். ஓடிக்கொண்டிருக்கும் வரை சூடு ஒரே இடத்தில் தங்காது. நின்றால் இரண்டு எண்ணுவதற்குள் பொத்துக்கொண்டு போகும். அதனால் வேகம் குறைந்தாலே தானாக விழுந்து வெளிச்சத்தை மறைக்கிற தகடு ஒன்று மெஷினில் உண்டு. பக்கத்தில் ஈரச் சாக்கும் மணல் வாளியும் எப்போதும் இருக்கும். ஓடுகிற படத்தை நிறுத்திக் காட்டுவது என்ற பேச்சே எங்கள் கொட்டகையில் கிடையாது.

யுத்தம் முடிந்த மறு வருஷம், ஆடி மாதம். கச்சான் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. ஊரே எதிர்பார்த்த ஒரு பெரிய படத்துக்கு முதலாளி ஏற்பாடு செய்து, தட்டி போர்டெல்லாம் எழுதி நிறுத்தியாகிவிட்டது. மதுரையில் அது இன்னும் கூட்டம் சேர்க்கிறது, பெட்டி இப்போது வராது என்று தந்தி வந்தது. பத்து நாள் கொட்டகையைச் சும்மா போட முதலாளிக்கு மனசில்லை. "சிவன் கோயில்ல பத்து நா திருவிழா, மாதா கோயில்ல பத்து நா திருவிழா. நம்ம படத்துக்கு ஒரு திருவிழா வச்சா என்ன?" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். மறுநாள் நடுக்கம்பத்தில் மஞ்சள் துணியில் கொடியே ஏற்றிவிட்டார். காற்று மூன்றாம் நாளே அதைக் கிழித்துவிட்டது.

பத்து நாளுக்குப் படம் வேண்டுமே. மற்ற கொட்டகைக்காரர்கள் தொடாத படமெல்லாம் எங்களுக்கு வந்து சேர்ந்தது. அதில் ஒரு ராஜா கதை. போன ஊரிலெல்லாம் மூன்று நாளில் மூட்டை கட்டின படம். அதில் ராஜா கோபமாக உள்ளே போய்க் கதவைச் சாத்துவார். சாத்தினதும் அரண்மனைச் சுவர், தூண், மேலே தொங்குகிற விளக்கு எல்லாம் ஆடும். எடுத்தவர்கள் கண்ணில் அது படவில்லை போலிருக்கிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் கண்ணில் பட்டுவிட்டது. "ஒன்ஸ்மோர்!" என்று ஒருவன் கத்தினான். நல்ல பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கேட்டால் ரீலைத் திருப்பிச் சுற்றி மறுபடி போடுவது அந்தக் காலத்து வழக்கம். கதவுக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை. போட்டோம். மறுநாளும் அதே படம் வேண்டும் என்று நின்றார்கள். ராஜா கதவில் கை வைத்ததுமே மணல் தரை மொத்தமும், "மகாராசா, மெள்ள! மெள்ள!" என்று கத்தும். சுவர் ஆடினால் இவர்களும் சேர்ந்து ஒரு பக்கமாகச் சாய்வார்கள். நான் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது. ராசையா அண்ணாச்சி சிரிக்காமல் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டே இல்லாத ஒரு படமும் வந்தது. மெட்ராஸில் யாரோ ஒருத்தர் வீட்டை விற்று எடுத்தாராம். கடைசிவரை உட்கார்ந்திருந்தவர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரும் மறுநாள் முதலாளியிடம் வந்து அதை இன்னொரு தடவை போடச் சொல்லிச் சண்டை பிடித்தார்கள். இந்த மாதிரிப் பத்து நாள் என் சர்வீஸில் பிறகு வரவே இல்லை.

எட்டாம் நாளுக்குப் படம் கிடைக்கவில்லை. முதலாளி கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது போட்டோ ஸ்டூடியோ லூயிஸ் மாஸ்டர் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். யுத்தத்துக்கு முன்னால், கையால் சுற்றுகிற கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு, சங்கு குளிக்கிறவர்களோடு ஒரு சீசன் முழுக்கக் கடலுக்குப் போய் அவரே எடுத்த படம். இரண்டு ரீல். பேச்சில்லை, பாட்டில்லை, பெயர்கூட வைக்கவில்லை. நெகட்டிவ் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. இருந்தது இந்த ஒரே பிரிண்ட். எட்டு வருஷத்தில் அதைப் பார்த்தவர்கள் அவர் வீட்டு ஆட்கள் நாலு பேர்தான்.

ராசையா அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு அந்த ரீலை ஒரு நாள் முழுக்கத் தடவினார். "உப்புக்காத்துல சுருங்கிப் போச்சு, மாஸ்டர். இன்னும் நாலஞ்சு ஓட்டம் தாங்கும். அதுக்கு மேல கேக்காதீரும்" என்றார். ஊமைப்படத்தை எங்கள் மெஷின் வேகத்தில் ஓட்டினால் ஆட்கள் குதிகுதியென்று குதிப்பார்கள். அதனால் மோட்டார் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கைப்பிடி மாட்டிக் கையாலேயே சுற்றினோம்.

காற்றுக் காலத்தில் கடல் கலங்கிக் கிடக்கும், சங்கு குளிக்க முடியாது. ஆகவே கடற்கரைத் தெருக்காரர்கள் அத்தனை பேரும் கரையில் இருந்தார்கள், அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். திரையில் ஒவ்வொருத்தன் தலை தெரியும்போதும் பெயர் சொல்லிக் கூப்பாடு. ஓர் இடத்தில் வள்ளத்து விளிம்பில் ஐந்து பேர் நிற்பார்கள். நடுவில் நிற்கிறவன் கல்லில் கட்டின கயிற்றில் காலை நுழைத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போவான். அந்தச் சிரிப்பு நாலு விநாடி இருக்கும். பிறகு அவன் மேலே வரும்போது முதுகுதான் தெரியும்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏளா பிரகாசி, அந்தா! அந்தா ஒங்கப்பா!"

"எங்கம்மா? மொட்டத் தலையா நிக்காரே, அவரா?"

"அவரு இல்லளா, நடுவுல..." என்பதற்குள் ஆள் தண்ணீருக்குள் போய்விட்டான்.

அந்த அம்மாள் பெயர் ரொசாலி. அவள் புருஷன் மிக்கேல் யுத்த காலத்தில் சரக்குத் தோணியில் கொழும்புக்குப் போனவன். தோணியும் வரவில்லை, ஆளும் வரவில்லை, ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. அப்போது அவள் வயிற்றில் இருந்த பிள்ளைதான் பிரகாசி. இப்போது ஆறு வயது. ஊரும் உறவும் எவ்வளவோ சொல்லியும் ரொசாலி தாலியைக் கழற்றவில்லை, இறந்தவர்களுக்கு வைக்கிற பூசையும் வைக்க விடவில்லை. இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. கொட்டகை முழுக்க "ஒன்ஸ்மோர்" என்று எழுந்தது மட்டும் தெரியும். ராசையா அண்ணாச்சி தலையை ஆட்டி மறுத்துவிட்டார். கடைசி நாள் இன்னொரு தடவை போடுவோம், அதோடு சரி என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலையில் ரொசாலி மகளைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்கே வந்துவிட்டாள். லூயிஸ் மாஸ்டரும் இருந்தார்.

"அண்ணாச்சி, அவர ஒரு நிமிசம் நிப்பாட்டிக் காட்ட முடியுமா?" என்று ராசையா அண்ணாச்சியிடம் கேட்டாள்.

அவர் பதில் சொல்வதற்குள் லூயிஸ் மாஸ்டர் முந்திக்கொண்டார். "அது எதுக்கு ரொசாலி? நான் அதுல ஒரு துண்டு எடுத்து, பெருசாப் போட்டோ போட்டுத் தாரேன். வீட்டுல மாட்டிக்கோ."

ரொசாலி பின்னால் ஓர் அடி நகர்ந்தாள். "போட்டோவா? வேண்டாம் மாஸ்டர். சுவத்துல மாட்டுனா அன்னைக்கே மாலையத் தூக்கிட்டு வந்து நிப்பாங்க. அதுக்குத்தான எல்லாரும் காத்துக் கெடக்காங்க. உசுரோட இருக்கவருக்கு என்னத்துக்குப் போட்டோ?" பிறகு மகள் தலையில் கையை வைத்தாள். "இவளுக்கு மொகம் தெரியணும். நாளைக்கே ஒரு தோணில வந்து எறங்குனாருன்னா, யாரோன்னு நிக்கப்பிடாதுல்லா."

லூயிஸ் மாஸ்டர் தகரப் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டார். இது ஒன்றுதான் தன்னிடம் இருக்கிற பிரிண்ட், நிறுத்தினால் எரிந்துபோகும், தன் வாழ்நாளில் உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான் என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

"மாஸ்டர், நீரு இத எதுக்கு எடுத்தீரு?" என்றார் ராசையா அண்ணாச்சி.

மாஸ்டர் லேஞ்சியை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பி வந்தார். ஸ்டூடியோவில் பிளேட் கழுவுகிற, தட்டையான கண்ணாடித் தொட்டி ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "இது ஆவுமா பாரும்" என்றார். ஊமைப்பட நாளில் வசனம் எழுதின பலகையை நிறுத்திக் காட்ட விளக்குக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டி வைப்பார்கள் என்று ராசையா அண்ணாச்சி எப்போதோ சொன்னதை அவர் ஞாபகம் வைத்திருந்திருக்கிறார்.

அன்று மிச்சப் பொழுது முழுக்க அந்த வேலைதான். படிகாரத்தை இடித்துத் தண்ணீரில் கரைத்து, வேட்டித் துணியில் மூன்று தடவை வடிகட்டினோம். அதைத் தொட்டியில் ஊற்றி விளக்குக்கும் கேட்டுக்கும் நடுவில் நிறுத்தினோம். வெளிச்சம் போகும், சூடு பாதி தண்ணீரிலேயே தங்கிவிடும். கரிக்குச்சிகளைக் கொஞ்சம் விலக்கி விளக்கை மங்க வைத்தோம். தானாக விழுகிற தகட்டைச் சணல் கயிற்றால் தூக்கிக் கட்டி, கயிற்று நுனியை ராசையா அண்ணாச்சி என் இடது கை விரலில் மாட்டினார். வலது கையில் கைப்பிடி. எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்குப் பிலிம் ஓரத்தில் வெள்ளைப் புள்ளி வைத்தோம். பிறகு கழித்துப் போட்ட பழைய பிலிம் துண்டுகளைக் கேட்டில் மாட்டிப் பார்த்தோம். தொட்டி இல்லாமல் இரண்டு எண்ணுவதற்குள் ஓட்டை. தொட்டி வைத்தால் ஒன்பது எண்ணும்போது ஓரம் சுருளும், பன்னிரண்டில் கொப்பளிக்கும். ஆறு தடவை பார்த்தோம், ஆறு தடவையும் அதே கணக்கு.

"அஞ்சு" என்றார் ராசையா அண்ணாச்சி. "அஞ்சு எண்ணிக் கயித்த விட்டுரு. ஆறுன்னு ஒரு நம்பரே கெடையாதுன்னு நெனச்சுக்கோ."

பத்தாம் நாள். அவர் மெஷின் அறையில் இருக்கவில்லை. பிரகாசி மறுபடியும் வேறு ஆளைப் பார்த்துவிடக் கூடாது என்று, ஒரு மூங்கில் கம்பை எடுத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். பிள்ளை முன்னால் மணலில் உட்கார்ந்திருந்தது. ரொசாலி தட்டி ஓரத்தில். லூயிஸ் மாஸ்டர் நாற்காலியில் உட்காராமல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தனியாக மெஷினோடு இருந்தேன்.

வெள்ளைப் புள்ளி வந்தது. கைப்பிடியை நிறுத்தினேன். திரையில் மிக்கேல் சிரித்தபடி நின்றான். மூங்கில் கம்பு அவன் தோளைத் தொட்டது. "இவருதாம்மா" என்ற அண்ணாச்சி குரல் கேட்டது.

அப்போது கொட்டகைக்குள் ஒரு காரியம் நடந்தது. சங்கு குளிக்கிறவன் உள்ளே போனால் வள்ளத்தில் இருக்கிறவர்கள் எண்ண ஆரம்பிப்பார்கள். அது அவர்களுக்கு மூச்சு விடுகிற மாதிரிப் பழக்கம். கல்லில் காலை நுழைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிற மிக்கேலைப் பார்த்ததும் யாரோ ஒருவன் "ஒண்ணு" என்றான். இரண்டுக்குப் பத்து குரல். மூன்றுக்கு ஆண்கள் பக்கம் மொத்தமும்.

நான் பார்க்க வேண்டியது கேட்டை. பார்த்தது படத்தைக்கூட இல்லை. சுவர் ஓட்டை வழியாக அந்தப் பிள்ளையைத்தான் பார்த்தேன். அது எழுந்து திரை வரைக்கும் நடந்து போய், கழுத்தைப் பின்னால் வளைத்து, அப்பாவை மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. "அஞ்சு" என்றார்கள். என் விரலில் கயிறு இருந்தது. "ஆறு" என்றார்கள். உள்ளே போனவன் மேலே வராமல் எண்ணிக்கையை நிறுத்த அந்த ஜனங்களுக்குத் தெரியாது. அத்தனை பேர் எண்ணும்போது நான் ஒருத்தன் எப்படிக் கயிற்றை விடுவது என்று ஆகிவிட்டது. பிள்ளை தன் வாய்க்குள் விரலை விட்டுப் பல்லைத் தொட்டுப் பார்த்தது. ஒன்பது. பத்து. அது இன்னும் பார்த்து முடிக்கவில்லை. பன்னிரண்டு என்றபோது மிக்கேலின் நெஞ்சில் ஒரு பழுப்புப் புள்ளி விழுந்தது. அது கொப்பளித்து முகத்துக்கு ஏறி, திரை வெள்ளையாகிவிட்டது.

கயிற்றை விட்டேன். கேட்டுக்கு மேலேயும் கீழேயும் நெருப்பு ஓடிவிட்டது. இரண்டு பக்கமும் வெட்டி, ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினேன். போனது மூன்று அடி. அந்தச் சிரிப்பு முழுக்க அந்த மூன்று அடிக்குள்தான் இருந்தது.

பெண்கள் பக்கத்தில் ஒரு கிழவி மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்துவிட்டாள். முகம் கருகினது சகுனம் என்று நினைத்திருப்பாள். கூட இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். ரொசாலி தட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "யாருளா அது அழுதது? எரிஞ்சது படம். எம் புருசன் இல்ல. வாய மூடுங்க."

ராசையா அண்ணாச்சி உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்து கைப்பிடியை வாங்கி வைத்துவிட்டு, மிஞ்சின பிலிமைச் சுரண்டி ஒட்டி, மீதிப் படத்தை அவரே சுற்றி முடித்தார். நான் ஓரமாகச் சாக்கோடு நின்றேன். படம் முடிந்ததும் லூயிஸ் மாஸ்டர் வந்து வாசலில் நின்றார். அவர் கேட்பதற்கு முன்னால் அண்ணாச்சி, "நான்தான் பன்னெண்டு வரைக்கும் நிப்பாட்டச் சொன்னேன், மாஸ்டர். கணக்கு எந்தப்பு" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் அந்த இடத்தில் எனக்கு உடம்பு கூசுகிறது.

காலையில் மாஸ்டர் பெட்டியை எடுக்க வந்தார். விடியும் வரைக்கும் நான் தூங்கவில்லை. அண்ணாச்சி பக்கத்தில் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். "மாஸ்டர், அண்ணாச்சி சொன்னது அஞ்சு. பன்னெண்டு வரைக்கும் விட்டது நான்."

"தெரியும்லே" என்றார் மாஸ்டர். "ராசையா அண்ணாச்சி எண்ணத் தெரியாத ஆளா?" பெட்டியைத் தூக்கப் போனவர் கீழே வைத்துவிட்டார். "இனி அந்த மொகம் எங்கயும் இல்லலே. மிச்சத்துல முதுகுதான் இருக்கு." அவர் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்த நேரம் ரொசாலியும் பிரகாசியும் வந்தார்கள். மாஸ்டர் குனிந்து பிள்ளையிடம், "பாத்தியாம்மா?" என்று கேட்டார்.

"பாத்தேன். முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து இருக்கு, எனக்கு இருக்க மாதிரி. ஒரு கண்ணு பாதி மூடியிருந்திச்சு. கழுத்து உத்தரியக் கயிறு முதுகுப் பக்கமாக் கெடந்துது. இந்தப் புருவத்துல முடி இல்ல, கோடு இருக்கு."

"புருவத்துலயா?" என்றார் மாஸ்டர்.

"நங்கூரம் பட்ட தழும்பு மாஸ்டர்" என்றாள் ரொசாலி. "கல்யாணத்துக்கு முந்தியே உள்ளது."

மாஸ்டர் படப்பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். எட்டு வருஷம் கையில் வைத்திருந்தவர் அவர். அந்தக் கோடு அவர் கண்ணில் பட்டதே இல்லை. எந்தப் புருவம், எவ்வளவு நீளம் என்று பிள்ளையிடம் திருப்பித் திருப்பிக் கேட்டார். அதுவும் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் ரொசாலியிடம், "அக்கா, அஞ்சுல விட்டிருந்தா மொகம் மிஞ்சியிருக்கும். எந்தப்பு" என்றேன்.

"அஞ்சுல விட்டிருந்தா இவ பல்லோட நின்னிருப்பா, தம்பி" என்றாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பன்னெண்டு எண்ணுத வரைக்கும் நின்னாருல்லா! எங்க வீட்டுல ஒருநாளும் இம்புட்டு நேரம் ஒரே எடத்துல நின்ன மனுசன் இல்ல அவரு." சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ராசையா அண்ணாச்சி புளியை எடுத்துக்கொண்டு கை கழுவப் போய்விட்டார்.

ஆவணி கடைசியில் காற்று அடங்கி, கொழும்புத் தோணிகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. எஞ்சினுக்கு எண்ணெய் வாங்க நான் துறைப்பக்கம் போயிருந்தேன். ஒரு தோணி வந்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி ரொசாலி நின்றாள். தோணி வருகிற ஒவ்வொரு நாளும் வந்து நிற்பாள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்தத் தடவை அவள் முன்னால் போகவில்லை. பிரகாசிதான் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்று, இறங்குகிற ஒவ்வொரு ஆளையும் அண்ணாந்து பார்த்தாள். சிலர் என்ன பாப்பா என்று குனிந்து சிரித்தார்கள். அவள் பதிலுக்குச் சிரிக்கவில்லை. முதலில் பல்லைப் பார்த்தாள், பிறகு புருவத்தை. கடைசி ஆளும் இறங்கின பிறகு அம்மாவிடம் திரும்பி வந்தாள்.

"இதுல வரலம்மா" என்றாள். குரலில் ஒரு சந்தேகமும் இல்லை.